புங்கமேட்டின் முதல் டிக்கெட்

2005 ஆவணி மாதத்தில் ஒரு பிற்பகல். டிக்கெட் கொடுக்கும் சன்னலைச் சாத்திவிட்டு, கிழித்துப்போட்ட காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் எழுத உட்கார்ந்தார் பாஸ்கல். சாயங்காலம் புங்கமேடு வர்த்தகர் சங்கத்துக்கு ஆண்டு விழா. ஸ்டேஷனுக்கு எதிரே பந்தல் போட்டுக் குழல் விளக்கெல்லாம் கட்டியாயிற்று. "ஊரு எப்பிடி உண்டாச்சுன்னு அஞ்சு நிமிசம் பேசுங்க சார். ஒங்கள விட்டா ஆரு இருக்கா?" என்று சங்கத் தலைவர் முகமது பாரூக் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவர் சைக்கிள் கடை போட வந்ததே தொண்ணூற்றாறில்தான். அதற்கு முந்தைய வருஷங்களை அறிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் பாஸ்கல். இன்னொருத்தி எதிர்ச்சாரியில் தன் ஓட்டல் கல்லாவில் உட்கார்ந்து புரோட்டா மாஸ்டரை ஏசிக்கொண்டிருந்த கருப்பம்மாள்.

ஊருக்கு முன்னால் பெயர்ப்பலகை வந்தது என்று எழுதினார். அது உண்மை. திண்டுக்கல்லிலிருந்து கரூருக்கு ரயில் பாதை போட்ட பிறகு, எரியோட்டுப் பக்கம் மூன்று கிராமங்கள் தங்களுக்கு ஒரு நிறுத்தம் வேண்டுமென்று மனுக் கொடுத்தன. கிடைத்ததும், யார் ஊர்ப் பெயரை வைப்பது என்று அடித்துக்கொண்டன. சலித்துப்போன அதிகாரிகள், மூன்றுக்கும் நடுவில் ஒற்றைப் புங்கமரம் நின்ற மேட்டின் பெயரை எழுதி நட்டுவிட்டார்கள். சுற்றிலும் சோளக்காடும் வேலிக்கருவையும்தான். ஒரு குடிசைகூடக் கிடையாது. திண்டுக்கல்லில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தி நொடித்துப்போயிருந்த பாஸ்கல், முப்பத்தாறு வயதில், கல்யாணம் ஆகாத ஆள், டிக்கெட் விற்கும் ஏஜெண்டாகத் தொண்ணூற்றொன்றில் அங்கே வந்து இறங்கினார். ஒரு தகரக் கொட்டகை, அட்டை டிக்கெட் பெட்டி, தேதி குத்தும் இயந்திரம். அவ்வளவுதான் ஸ்டேஷன்.

முதல் நாள் கரூர் வண்டிக்கு ஒரே ஓர் ஆள் வந்தான். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, கையில் மஞ்சள் பை. கரூருக்கு ஒன்று என்றான். "திரும்ப எப்ப?" என்று பேச்சுக்குக் கேட்டார் பாஸ்கல். "பாப்பம் சார்" என்று சொல்லி ஏறிக்கொண்டான். முதல் டிக்கெட் விற்ற சந்தோஷத்தில் பாஸ்கல் வண்டி மறையும்வரை கையாட்டினார்.

இருபது நாள் கழித்து ஒருத்தி வந்து சன்னல் முன்னால் நின்றாள்.

"சார், செவத்த ஆளு. நெத்தியில தழும்பு இருக்கும். எங்க வீட்டுக்காரரு, பேரு சுருளிவேலு. இந்த வழியாப் போனாரா?"

"நாந்தாம்மா டிக்கெட் குடுத்தேன். கரூருக்கு."

"திரும்பி வர்றதுக்கும் சேத்துக் குடுத்தீகளா?"

இல்லை என்றார். அவள் புங்கமரத்தடியில் உட்கார்ந்து சாயங்கால வண்டி வந்து போவதைப் பார்த்துவிட்டுப் போனாள். மறுநாளும் வந்தாள். நான்காம் நாள் தலையில் ஒரு கூழ்ப்பானை இருந்தது. "சும்மா ஒக்காந்திருந்தா பைத்தியக்காரின்னுவாக. கூழு விக்கிறேன்னா ஒருத்தரும் கேக்க மாட்டாக" என்றாள் கருப்பம்மாள். ஐப்பசி மழைக்கு அந்த மரத்தடியில் ஓர் ஓலைக்குடிசை எழும்பியது. புங்கமேட்டின் முதல் வீடு அதுதான். தினம் போய்வருவது அலுத்துப்போய் பாஸ்கலும் கொட்டகையை ஒட்டி ஓர் அறை கட்டிக்கொண்டார். இரண்டாவது வீடு. சாயங்கால வண்டி போனதும், இறங்கிய ஆட்களை எண்ணிவிட்டு, அவள் மிச்சக் கூழைச் செம்பில் ஊற்றிக் கொண்டுவந்து சன்னலில் வைப்பாள். தினமும் சரியாக ஒரு செம்புதான் மிஞ்சும்.

தொண்ணூற்றுநாலில் அதிகாரி ஒருவர் வந்தார். நாளுக்கு ஆறு டிக்கெட்கூடப் போகவில்லை, மூன்று மாதம் பார்ப்போம், இல்லாவிட்டால் நிறுத்தத்தை எடுத்துவிடுவோம் என்று சொல்லிப் போனார். பாஸ்கல் மனசுக்குள் பெட்டியைக் கட்டிவிட்டார். ஆனால் கருப்பம்மாள் மறுநாள் கடையை மூடிவிட்டு மூன்று கிராமங்களுக்கும் நடந்தாள். தலைமுறையாகப் பேச்சுவார்த்தை இல்லாத தெருக்களில் நின்று, "பேருக்கு அப்பறம் சண்ட போடுங்க. வண்டி நின்னாத்தான பேரு!" என்று சத்தம் போட்டாள். அந்த வாரத்திலிருந்து முருங்கைக்காய்க் கட்டோடும் பூக்கூடையோடும் பெண்கள் ரயிலுக்கு வரத் தொடங்கினார்கள். பிளாட்பாரம் கிடையாது. சேலையைத் தூக்கிச் செருகி, ஒருத்தியை ஒருத்தி இழுத்து ஏற்றினார்கள். வேலை ஒன்றும் இல்லாதவர்கள்கூட எரியோடு வரைக்கும் போய் டீ குடித்துவிட்டு நடந்தே திரும்பினார்கள். மூன்று வருஷமாக ரயிலுக்குப் பக்கத்திலேயே குடியிருந்தும் ஏறியே பார்க்காத கருப்பம்மாளும் திண்டுக்கல் போய்வந்தாள். "சன்னல் வழியாத் திரும்பிப் பாத்தேன் சார். நம்ம எடம் வெரலு தண்டிதான் இருக்கு" என்று சிரித்தாள். நம்ம எடம் என்ற சொல்லை பாஸ்கல் அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தார்.

நிறுத்தம் நிலைத்தது. பக்கத்தில் நூல் மில் வந்தது. மில்லை நம்பி டீக்கடை, சைக்கிள் கடை, மாவு மில், வாடகை வீடுகள் என்று வரிசையாக வந்தன.

சுருளிவேல் வந்தது தொண்ணூற்றேழில். ஒரு மத்தியானம் இறங்கி நேராகக் கருப்பம்மாள் கடை பெஞ்சில் உட்கார்ந்தான். முடி கொட்டியிருந்தது, ஆள் ஊதியிருந்தான். நேற்றுத்தான் போனவன்போல "வீட்டுக்குப் போவமா?" என்றான்.

"இதுதான் வீடு. சாப்பிடுங்க."

கரூரில் இன்னொரு குடும்பமும் இரண்டு பிள்ளைகளும் இருப்பதைச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். அவளும் வந்தால் எல்லோரும் ஒன்றாக இருக்கலாம் என்றான். அவன் கைகழுவும்வரை பொறுத்திருந்துவிட்டு அவள் சன்னலுக்கு வந்தாள்.

"சார், கரூருக்கு ஒண்ணு."

பாஸ்கலுக்குத் தேதி குத்தும் இயந்திரத்தில் அட்டை சரியாக நுழையவில்லை. "ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்."

அன்று சாயங்கால வண்டி வந்தபோது அவள் வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் துலக்கினாள். பாஸ்கல் அவள் பக்கத்தில் போய் நின்றார். எதையோ சொல்ல வாயெடுத்து, "ராத்திரிக்கு என்ன வெஞ்சனம்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு எட்டு வருஷம் ஓடிவிட்டது.

இதில் எதைச் சொல்வது, எதை விடுவது? தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எதிர்ச்சாரிக்குப் போனார்.

"கருப்பம்மா, மொத டிக்கெட்டு ஆருக்குக் குடுத்தேன்னு மைக்குல சொல்லலாமா? ஒனக்குச் சங்கடமா இருக்கும்னா விட்டுர்றேன்."

அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். காதோரம் நரைத்திருந்தது.

"சொல்லுங்க. மறைக்க என்ன இருக்கு? ஆனா அந்தாளுக்காக இந்த ஊரு உண்டாச்சுன்னு மட்டும் சொல்லிராதீக சார். மொத ரெண்டு வருசந்தான் அவருக்காக ஒக்காந்திருந்தேன்."

"அப்பறம்?"

அவள் அவரை ஒரு நொடி பார்த்தாள். பிறகு உள்பக்கம் திரும்பி, "ஏலே, அடுப்பக் கொறைடா, கருகுது!" என்று கத்தினாள். அடுப்பில் ஒன்றும் கருகவில்லை.

விழாவில் அவர் முறை வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. மைக் முன்னால் நின்று, "தொண்ணூத்தியொண்ணுல இங்க ரெண்டு பேரு இருந்தோம்" என்று தொடங்கினார். தாளைப் பிரிக்கவில்லை. அதற்குள் பாசஞ்சர் வண்டி வந்து நின்று இரைந்தது. வண்டிச் சத்தம் அடங்கட்டும் என்று நிறுத்தினார். கூட்டமும் திரும்பி ஸ்டேஷனைப் பார்த்தது.

ஒரு குடும்பம் இறங்கியது. புருஷன் தலையில் பாய்ச்சுருள், கையில் மண்ணெண்ணெய் அடுப்பு. மனைவி இடுப்பில் தூங்கும் குழந்தை. வெளிச்சத்தைக் கண்டு கூசியவர்கள்போல் பந்தல் ஓரத்தில் ஒதுங்கி, "மில்லுக்கு வந்திருக்கோம். இங்க வாடகைக்கு ஒரு ரூம்பு கெடைக்குமா?" என்று பொதுவாகக் கேட்டார்கள். பெண்கள் வரிசையிலிருந்து கருப்பம்மாள் எழுந்து போனாள். ஒன்றும் கேட்காமல் அந்தப் பெண்ணின் இடுப்பிலிருந்து குழந்தையை வாங்கித் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, வலப்பக்கத் தெருவைக் கை நீட்டிக் காட்டினாள். கார்டு விசில் ஊதினார். மைக்கைப் பிடித்தபடி, பாஸ்கல் அவள் திரும்பி வந்து உட்காரக் காத்து நின்றார்.