கொண்டை இல்லாத மயில்

அன்புச்செல்வி வரைந்து இணையத்தில் விற்ற ஆரி எம்பிராய்டரிக்கான மயில் டிசைனை யாரோ தன்னுடையது என்று புகார் செய்ததால், அவள் கடை முடங்கியது. விற்பனைக்கு முன் அதைப் பார்த்தவள் விழுப்புரத்துத் தோழி அருணா மட்டும்தான். சந்தேகத்தில் அவளோடு பேசுவதை நிறுத்தி, வாட்ஸப் உரையாடலைப் படங்களோடு அழித்துவிட்டாள்.

இன்று திண்டிவனம் வீட்டில் புகார்ப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மயிலுக்குக் கொண்டை இருந்தது. அருணாவுக்கு அனுப்பியது முதல் வரைவை மட்டும்தான்; அதில் கொண்டை போட மறந்து, "கோழியாடி இது?" என்று கேலி வாங்கியிருந்தாள். அதன் பிறகே கொண்டை சேர்த்துக் கடையில் விற்பனைக்கு வைத்தாள். அப்படியென்றால் திருட்டு கடையிலிருந்துதான். தேதியோடு கூடிய அந்த வரைவே அவளுக்குச் சாட்சி. அது அருணாவிடம்தான் இருக்கும்.

தயங்கி அழைத்து, அந்த வரைவைக் கேட்டாள்.

"அந்தக் கோழியா? பத்திரமா வச்சிக்கினுதான் இருக்கேன், அனுப்புறேன். ஆமா, இத்தினி நாளா ஏன்டி பேசல?"

"வேலை ஜாஸ்தி."

அருணா நம்பியதாகத் தெரியவில்லை.