பதினோராவது கேள்வி

வானதிக்கு வயிறு எரிந்தது. மறைத்துச் சொல்ல அதில் ஒன்றுமில்லை. ஒரத்தநாட்டுப் பயிற்சி மையத்தில் நடந்த மூன்று மாதிரித் தேர்விலும் தமிழ்நிலாதான் முதல், இவள் இரண்டு. தமிழ்நிலா யார்? வானதி வீட்டு வயலில் நாற்று நட வந்த ராமாயியின் மகள். பள்ளி விடுமுறையில் அம்மாவோடு அவளும் சேற்றில் இறங்கியவள்தான். அவளுக்கு அடுத்ததாகத் தன் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் வானதிக்குச் சோற்றில் கல் கடித்த மாதிரி இருந்தது.

மூளையில் வானதி குறைந்தவளில்லை. வீட்டில் நிதானமாக உட்கார்ந்தால் ஒரு கணக்கும் அவளிடம் தப்பாது. தேர்வு அறையில்தான் கோளாறு. விடை வராத கேள்வியை விட்டு நகர மாட்டாள். நகர்ந்தால் தோற்றதாக ஆகிவிடுமாம்.

அன்று இறுதித் தேர்வு. ஒரு மணி நேரம், ஐம்பது கேள்வி. முதலாவதாக வருபவருக்குச் சென்னையில் தங்கிப் படிக்க இலவச இடம், அதுவும் ஒன்றே ஒன்று. வானதி வேண்டுமென்றே தமிழ்நிலாவுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். பதினோராவது கேள்வி, ஏதோ எண் வரிசை, அவளை மறித்தது. முன்னால் தாள் புரளும் சத்தம். பல்லைக் கடித்துக்கொண்டு அதையே போட்டுப் பார்த்தாள். மறுபடி தாள் புரண்டது. இவள் கண் கேள்வியிலா இருந்தது? தமிழ்நிலாவின் முழங்கையில் இருந்தது. நாற்பதாவது நிமிடத்தில் தமிழ்நிலா முதல் பக்கத்துக்கே திரும்பினாள். முடித்துவிட்டாள், சரிபார்க்கிறாள் என்று நினைத்தாள் வானதி. மிச்சமிருந்த கேள்விகளைப் படிக்காமலே விடை வட்டங்களைக் கறுப்பாக்கினாள்.

மாலையே பலகையில் ஒட்டிவிட்டார்கள். தமிழ்நிலா நாற்பத்து மூன்று. வானதி இருபது. இந்த முறை இரண்டாவதுகூட இல்லை.

பஸ்ஸில் தமிழ்நிலாவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவ்வளவு சீக்கிரம் எப்படி முடித்தாய் என்று வானதி கேட்டே விட்டாள்.

"எங்க முடிச்சேன் அக்கா? பதிமூணு கேள்விய விட்டுட்டுப் போயிருந்தேன். திரும்பி வந்துதான் போட்டேன்."

விட்டுவிட்டுப் போனால் மனசு அடித்துக்கொள்ளாதா என்றாள் வானதி.

"அடிச்சிக்கும்தான். அப்ப நீங்க வரப்புல கொடை பிடிச்சிக்கிட்டு நின்னு எங்கம்மாவச் சத்தம் போட்டது ஞாபகம் வரும். ஒரே எடத்துல நிக்காதீங்க, நட்டுக்கிட்டே போங்க, விட்ட எடத்துல அப்பறமா நாத்து வச்சு பாடுவாசி நிரப்பிக்கலாம்னு சொல்வீங்கள்ல, அது."

அவள் குத்திக்காட்டவில்லை, நன்றியோடுதான் சொன்னாள். அதுதான் வானதிக்குப் பொறுக்கவில்லை. எழுந்துபோய் வேறு இருக்கையில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். இரண்டு நிறுத்தம் தாண்டியதும் பதினோராவது கேள்வியின் விடை தானாக வந்தது.