தலைவரின் துளைக்குறி

ஆர்வில் ஹெஸ் குறிவைத்தது தன் வரிசையில் நின்ற இரும்புப் பன்றியை. சாய்ந்து விழுந்தது பக்கத்து வரிசைப் பன்றி.

“காத்து,” என்றார் ஆர்வில்.

மேப்பிள் மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. பக்கத்து வரிசையில் சுட்டுக்கொண்டிருந்தவர் ஹார்லன், சங்கத்தின் செயலாளர். தன் பன்றிக்கு நேர்ந்த கதியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஆமா தலைவரே. என் பன்னி பக்கமா மட்டும் அடிச்சிருக்கு போல.”

பென்சில்வேனியா மலைச்சரிவில் இருந்த அந்தத் துப்பாக்கிச் சங்கத்துக்கு ஆர்வில் வெகுகாலமாகத் தலைவர். அதற்கு முன்பு எடை அளவு ஆய்வாளர். மாவட்டத்தின் பெட்ரோல் பம்புகளும் கறிக்கடைத் தராசுகளும் அவர் முன்னால் கைகட்டி நின்றவை. முத்திரை குத்தும்போதெல்லாம் “என் கண்ணுக்குத் தப்பாது” என்பார். ஓய்வு பெற்ற அன்று முத்திரையை அரசாங்கத்திடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, வாக்கியத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

சங்கத்தின் ஆட்டம் எளியது. இரும்புத் தகட்டில் வெட்டிய கோழி, அதைத் தாண்டிப் பன்றி, அதையும் தாண்டி வான்கோழி, கடைசியில் மண்மேட்டு அடியில் செம்மறிக்கடா. இவற்றை பாயிண்ட் இருபத்திரண்டு குண்டு போடும் லீவர் துப்பாக்கியால், நின்றபடியே சுட்டு வீழ்த்த வேண்டும். விசைக்குக் கீழே உள்ள வளையத்தைத் தள்ளி இழுத்தால் அடுத்த குண்டு ஏறும். இலையுதிர் காலப் போட்டியில் ஜெயித்தவருக்குப் புகைபோட்ட பன்றித்தொடை ஒன்று. கடையில் வாங்கினால் யாரும் திரும்பிப் பார்க்காத அந்தத் தொடை, போட்டியில் வந்தால் ஒரு வாரத்துக்குச் சாப்பாட்டு மேஜையின் நடுவில் உட்கார்ந்திருக்கும்.

சிக்கல் துப்பாக்கியின் குறியில் இருந்தது. குழல் மேலே ஒரு வெட்டு, நுனியில் ஒரு முள். வெட்டுக்குள் முள்ளை நிறுத்தி, முள்மேல் கடாவை நிறுத்தினால் கடா விழும். ஆனால் ஆர்விலுக்குச் சில காலமாக வெட்டு இருந்த இடத்தில் பஞ்சுப்பொதி ஒன்று தெரிந்தது. மனைவி லொரெய்ன் தைக்கும்போது போட்டுக்கொள்ளும் கண்ணாடியைத் திருட்டுத்தனமாக மாட்டிப் பார்த்தார். வெட்டு பளிச்சென்று தெரிந்தது. கடா மேகத்துக்குள் போய்விட்டது.

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். ஆனால் ஆர்வில் கூடங்களை அளந்தே ஓய்வு பெற்றவர். கோணல் என்று அவர் சொன்னால் அதில் ஒரு சட்டபூர்வமான கனம் இருக்கும். ஆகவே கோளாறு துப்பாக்கியில்தான் என்று முடிவு செய்து, தபாலில் ஒரு துளைக்குறி வரவழைத்தார். வெட்டுக்குப் பதில் கண்ணருகே நிற்கும் சின்ன வளையம் அது. அதன் நடுத்துளை வழியாகப் பார்த்தால் போதும், துளையைப் பார்க்க வேண்டியதில்லை. வயதான கண்ணுக்கு அதைவிடச் சிறந்த உபாயம் கிடையாது.

பொட்டலத்தைப் பிரித்தது லொரெய்ன்.

“என்னங்க இது, குழாய்க்குப் போடற வாஷரா?”

“துப்பாக்கிக் குறி.”

“இதுக்குத்தானே டெல்மரை வெளிய அனுப்பிச்சீங்க?”

ஆர்வில் பொட்டலத்தோடு நிலவறைக்கு இறங்கினார்.

டெல்மர் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவர். மூன்று வருஷத்துக்கு முன்னால், கண்ணில் புரை விழ ஆரம்பித்தபோது, இதே மாதிரி ஒரு வளையத்தை மாட்டிக்கொண்டு போட்டிக்கு வந்தார். ஆர்வில் எழுந்து நின்று அரைமணி நேரம் பேசினார். நம் பாட்டன்மார் வெட்டையும் முள்ளையும் வைத்தே வாழ்ந்தார்கள் என்றார். இன்று வளையம் வரும், நாளை தொலைநோக்கி வரும், நாளை மறுநாள் கடாவே தானாக விழுந்துகொள்ளும் என்றார். துப்பாக்கி கம்பெனியிலிருந்து வந்தபடியே, எதையும் மாற்றாமல்தான் சுட வேண்டும் என்று விதி பிறந்தது. டெல்மர் துப்பாக்கியை உறையில் போட்டார். ஆனால் சந்தாவை நிறுத்தவில்லை. சுடக்கூடாது என்றுதானே விதி, சாப்பிடக்கூடாது என்று இல்லையே. ஒவ்வொரு போட்டிக்கும் வந்து, ஹார்லன் வைக்கும் பீன்ஸ் சூப்பில் இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, தலைவர் சுடுவதை மட்டும் கவனமாகப் பார்த்துவிட்டுப் போவார்.

நிலவறையில் ஆர்வில் பழைய வெட்டைப் பித்தளை உளியால் தட்டிக் கழற்றினார். துப்பாக்கியின் முதுகில் இரண்டு சின்ன அடைப்புத் திருகுகள் இருந்தன. அவற்றைக் கழற்றியதும் துளைக்குறிக்கென்றே போட்டுவைத்தது போல இரண்டு துளைகள். ஆர்வில் வேலையை நிறுத்திவிட்டு யோசித்தார். துளை கம்பெனியிலிருந்து வந்தது. ஆக, துளையை நிரப்புவது விதிமீறல் ஆகாது. ஆனால் அடைப்புத் திருகும் கம்பெனியிலிருந்து வந்தது. அதைக் கழற்றுவது விதிமீறல் ஆகலாம். வேறு யாராவது இந்த வாதத்தோடு வந்திருந்தால் வாசலிலேயே முத்திரை குத்தி அனுப்பியிருப்பார். தன்னுடைய வாதம் என்பதால் பாதியை ஏற்றுக்கொண்டு, வளையத்தைத் திருகி முடித்தார்.

அடுத்த நாள் லொரெய்னின் தம்பிக்குச் சொந்தமான கைவிட்ட கல்குவாரியில் ஒரு காலித் தக்காளி டப்பாவை நிறுத்திச் சுட்டுப் பார்த்தார்கள். லொரெய்ன் இருகண் நோக்கியோடு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து எங்கே படுகிறது என்று சொன்னாள்.

“டப்பாவுக்கு மேல.”

வளையத்தை அடிமட்டம் வரை இறக்கினார்.

“இன்னும் மேலதான்.”

ஆர்வில் அரத்தை எடுத்து நுனியில் இருந்த முள்ளைத் தேய்த்தார்.

“இப்ப இன்னும் மேல போகுது.”

மறுபடி தேய்த்தார்.

“இப்ப மரத்துல. அணில் ஒண்ணு எறங்கி ஓடுது. டப்பா பத்திரமா இருக்கு.”

ஆர்வில் மூன்றாம் முறை அரத்தை எடுத்தார்.

“ஏங்க,” என்றாள் லொரெய்ன், நோக்கியை இறக்காமலே, “முன்முள்ளத் தேச்சா குண்டு மேல போகும், ஒசத்தினா கீழ வரும்னு புதுசா சேர்றவங்களுக்கெல்லாம் ஒரு சொற்பொழிவு நடத்துவீங்களே. அதுக்கு நீங்க வர்றதில்லையா?”

ஆர்வில் அரத்தைப் பைக்குள் வைத்தார். “சோதிச்சுப் பாத்தேன்,” என்றார்.

“நல்லா சோதிச்சீங்க. முள்ளே காணோம்.”

உயரமான புது முள் வந்தது. அதை மாட்டி, வளையத்தைக் கண்ணருகே கொண்டுபோனார் ஆர்வில். முள் நுனி ஊசிபோல நின்றது. அதற்கு மேல் டப்பாவின் மேல் ஒட்டிய தக்காளிப் படம் காம்போடு தெரிந்தது. சுட்டார். டப்பா துள்ளியது. லீவரைத் தள்ளி இழுத்தார், சுட்டார், மறுபடி துள்ளியது. குண்டு தீரும் வரை அவர் நிறுத்தவில்லை. லொரெய்ன் நோக்கியை டப்பாவிலிருந்து அவர் முகத்துக்குத் திருப்பினாள். இப்படி அவர் சிரித்துப் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

திரும்பி வரும் வழியில்தான் சிரிப்பு நின்றது. வளையத்தை மறைக்க முடியாது. துப்பாக்கி முதுகில் கொக்கு மாதிரி நின்றது. வளையத்தோடு போனால் டெல்மருக்கு நடந்தது தனக்கும் நடக்கும். வளையம் இல்லாமல் போனால் இந்த வருஷம் எல்லார் பன்றியும் விழும், தன்னுடையதைத் தவிர. சுடுவதையே விட்டுவிடலாம் என்றால், அதற்கும் ஒரு காரணம் சொல்லியாக வேண்டும்.

“கண்ணு தெரியலன்னு சொல்லிட்டா என்ன?” என்றாள் லொரெய்ன்.

“எனக்கா?”

“இல்ல, இந்த வண்டிக்கு. ரெண்டாவது தடவையா நம்ம திருப்பத்தைத் தாண்டிட்டீங்க.”

போட்டிக்கு முந்தைய வாரம் சங்கக் கூட்டம் கூடியது. நீண்ட மேஜையில் சூப்பும் பீட்ரூட் சாற்றில் ஊறிச் சிவந்த முட்டைகளும் இருந்தன. தலைவர் தீர்மானம் கொண்டுவரக் கூடாது என்பது முறை; ஆகவே ஆர்வில் மரச் சுத்தியலை ஹார்லனிடம் கொடுத்துவிட்டு, மேஜையின் மறுபக்கம் போய் நின்றார்.

“நமது சங்கம்,” என்று ஆரம்பித்தார், “கடுமைக்குப் பெயர் பெற்றது. ஆனால் கடுமையோடு கருணையும் சேர வேண்டும். மூத்த உறுப்பினர்களின் நலனை முன்னிட்டு, துளைக்குறிக்கு மட்டும் விலக்கு அளிக்கலாம் என முன்மொழிகிறேன்.”

சூப்புக் கரண்டிகள் மட்டும் ஓடின.

“யாரு அந்த மூத்த உறுப்பினர்?” என்று கேட்டார் ஹார்லன்.

“பொதுவா சொல்றேன்.”

“பொதுவா யாருக்குக் கண்ணு தெரியல? கையத் தூக்குங்கப்பா.”

“எனக்கு நல்லாத் தெரியுது,” என்றது ஒரு குரல்.

“எனக்கும். உன் தட்டுல நாலு முட்டை இருக்கறது இங்கேருந்தே தெரியுது.”

“எனக்கு இல்லப்பா, காதுதான் மந்தம். அதுக்கு ஏதாவது வளையம் இருக்கா?”

ஆர்வில் சிரிப்பு அடங்கக் காத்திருந்தார். வழிமொழிய ஆளில்லாமல் தீர்மானம் செத்துக்கொண்டிருந்தது. கூடத்தில் ஒருவரைத்தான் அவர் நம்பியிருந்தார். “நம்ம டெல்மருக்காகத்தான் சொல்றேன்,” என்றார் கனிந்த குரலில். “நடந்தது நடந்துபோச்சு. அவரும் வந்து சுடட்டும்.”

டெல்மர் சூப்புக் கிண்ணத்தைக் கீழே வைத்து, வாயைத் துடைத்தார்.

“ரொம்பப் பெரிய மனசு தலைவரே. ஆனா எனக்கு வசந்த காலத்துலயே ஆப்பரேஷன் ஆயிடுச்சு. ரெண்டு கண்ணுலயும் புது வில்லை. இப்ப அந்தக் கடைசி மேட்டுல நிக்கிற கடாவோட துருக்கூடத் தெரியுது. பழைய வெட்டையே மாட்டிக்கிட்டேன். வளையம் எனக்கு வேண்டாம்.”

“அப்படியா,” என்றார் ஆர்வில். “நல்லதாப் போச்சு.”

“தீர்மானத்த வழிமொழிய எனக்கு ஆட்சேபணை இல்ல,” என்றார் டெல்மர். “யாருக்குன்னு தெரிஞ்சாப் போதும். ஆள் இல்லாத விலக்குக்கு எப்படிக் கை தூக்கறது? நீங்களே சொல்லுங்க, ஆள் இல்லாத தராசுக்கு முத்திரை குத்துவீங்களா?”

கரண்டிகளும் நின்றன. ஆர்வில் ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்தார். மாலை வெளிச்சத்தில் மண்மேடு தெரிந்தது. அதன் அடியில் கடாக்கள் நிற்பது அவருக்குத் தெரியும், ஏனென்றால் காலையில் அவரே நிறுத்தியிருந்தார். கல்குவாரியில் காம்போடு தெரிந்த தக்காளி நினைவுக்கு வந்தது.

“எனக்கு,” என்றார்.

“சரியா கேக்கல,” என்றார் காது மந்தமானவர்.

“எனக்குய்யா. வெட்டு தெரியல. ரெண்டு வருஷமாத் தெரியல. அன்னிக்கு விழுந்தது ஹார்லனோட பன்னின்னு அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.”

யாரும் சிரிக்கவில்லை. ஆர்விலுக்கு அது சிரித்ததைவிடச் சங்கடமாக இருந்தது.

“வழிமொழியறேன்,” என்றார் டெல்மர், கிண்ணத்தை மறுபடி எடுத்துக்கொண்டு. “ஆனா விலக்கு தலைவருக்கு மட்டும் வேண்டாம். மாட்டணும்னு வர்ற யாருக்கும் கொடுங்க. எழுந்து நின்னு சொல்லிட்டு மாட்டிக்கட்டும்.”

ஹார்லன் சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, சுவரில் இருந்த கரும்பலகையில் எழுதினார்: துளைக்குறி, கண் தெரியவில்லை என்று கூட்டத்தில் எழுந்து சொன்னவர்களுக்கு மட்டும். அதன் கீழே, முதல் ஆளாக, ஆர்வில் ஹெஸ்.

“சரியா இருக்கா தலைவரே?”

ஆர்வில் இருந்த இடத்திலிருந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு இரண்டடி முன்னால் வந்து பார்த்தார்.

“கொஞ்சம் பெருசா எழுதுங்க ஹார்லன்,” என்றார். “படிக்க முடியல.”

ஹார்லன் துணியால் துடைத்துவிட்டு, பலகையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை எழுத ஆரம்பித்தார்.