இன்று காலை பிடித்த மீன்

கூட்டத்துக்குப் போகும்போதே என் கையில் மீன் வாடை அடித்தது. காலையில் கடையின் பின்வாசலில் லாரி இறக்கிவிட்டுப் போன மீனைத் தண்ணீர் வாளியில் போட்டு ஐஸ் உருக வைத்திருந்தேன். உருகிய தண்ணீர் சாம்பல் நிறத்தில் நுரைத்திருந்தது. எலுமிச்சம்பழம் தேய்த்து மூன்று முறை கழுவினாலும் அந்த வாடை விரலை விட்டுப் போகாது. அதே கையால்தான் ‘எங்கள் கடற்கரை, எங்கள் மீன்’ என்று எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நகராட்சி மண்டபத்தின் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

செத்துக் கிடந்த எங்கள் கடற்கரைச் சாலைக்கு இப்போதுதான் உயிர் வந்திருக்கிறது. நடைபாதைக்குக் கல் பதித்தார்கள், விளக்கு போட்டார்கள். சனி, ஞாயிறு என்றால் கார் நிறுத்த இடமில்லை. பண்டத்தைத் திறந்து வைத்தால் ஈ வராமல் இருக்குமா? ஒரு பெரிய ஓட்டல் கம்பெனி வந்தது. நூறு ஊரில் கடை வைத்திருக்கிறார்கள். நூறு ஊரிலும் ஒரே நாற்காலி, ஒரே எண்ணெய், ஒரே சிரிப்பு. பழைய சுங்கக் கிடங்கில் நூற்றி ஒன்றாவதைத் திறக்க அனுமதி கேட்டிருந்தார்கள். கிடங்குக்கு நேர் எதிரே என் சாப்பாட்டுக் கடை. அவர்கள் வந்தால் ஆறு மாதம் தாங்காது. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் வேறு பிழைப்பு கிடையாது.

கம்பெனி மேனேஜர் சட்டை மடிப்புக் கலையாமல் எழுந்து பேசினார். ஊர் முன்னேற வேண்டுமாம். வாரத்தில் நான்கு நாள் ஊர்ப் படகுக்காரர்களிடமே மீன் வாங்குவார்களாம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். சுவரில் அழகுக்கு மாட்டப் பழைய வலையும் துடுப்பும் தேடிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். காறித் துப்பலாம் போல இருந்தது எனக்கு.

அடுத்து எங்கள் கடைக்காரர் சங்கத் தலைவர் எழுந்தார்.

“அவங்க போடுறது மாசக்கணக்கா பெட்டியில கிடந்த மீனுங்க. நாங்க அப்படி இல்ல. படகு கரைக்கு வந்து ஒரு மணி நேரத்துல எங்க சட்டிக்கு வந்துடும்.”

வாய் கூசாமல் சொன்னார். அவர் கடைக்கும் என் கடைக்கும் ஒரே லாரிதான் வருகிறது. சாலையில் இருக்கும் எட்டுக் கடைக்கும் அதே லாரிதான். மலிவு, முள் எடுத்தது, துண்டு அளவு பிசகாது. இரண்டு வருடமாக எங்களில் ஒருவரும் படகில் மீன் வாங்கியதில்லை. என் கூடப்பிறந்த அண்ணனே படகுக்காரர். அவரிடம் நானும் வாங்கவில்லை. தலைவர் பேசி முடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். வெட்கமில்லாமல் நானும் தட்டினேன்.

மேனேஜர் தன் கைப்பேசியை நகராட்சி அதிகாரியிடம் நீட்டினார். அதில் என் கடை வாசல் பலகை. ‘இன்று காலை பிடித்த மீன்’. தினமும் சாக்பீஸில் எழுதச் சோம்பல்பட்டு, போன வருடம் பெயின்டிலேயே எழுதிவிட்டோம். என் வீட்டுக்காரரின் மூளை அது. மீன் முட்டையிடும் இரண்டு மாதம் கடலுக்குப் போகத் தடை இருக்கிறது என்று பெயின்டுக்குத் தெரியுமா? படம் அந்தத் தடைக்காலத்தின் நட்டநடுவில் எடுத்தது. தேதி கீழேயே இருந்தது.

“தடைக்காலத்துல இந்த மீனை யாரும்மா பிடிச்சது?” என்று அதிகாரி கேட்டார்.

நான் கையிலிருந்த அட்டையை மடியில் கவிழ்த்தேன். தலைவர் என்னை முன்னேபின்னே தெரியாதவர் போல மின்விசிறியைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார்.

பின்வரிசையில் அண்ணன் எழுந்தார். ‘எங்கள் படகுக்காரர்’ என்று காட்டுவதற்காகத் தலைவர்தான் அவரை அழைத்து வந்து உட்கார வைத்திருந்தார்.

“நான்தாங்க பிடிச்சேன். தடை எஞ்சின் படகுக்குத்தான். என்னோடது துடுப்பு போடுற சின்னப் படகு, கரையோரமா போய்ட்டு வரலாம். தங்கச்சி கடைக்குத் தினமும் நான்தான் மீன் குடுக்கிறேன்.”

அந்த இரண்டு மாதமும் அவர் படகு கரையில் கவிழ்ந்து கிடந்தது. பிடித்தாலும் வாங்க ஆளில்லை என்று நடைபாதை வேலைக்குக் கல் சுமக்கப் போனார். எனக்குத் தெரியும். மண்டபத்தில் பாதிப் பேருக்குத் தெரியும்.

மேனேஜர் திரும்பிப் பார்த்தார். “நாலு நாளும் எங்களுக்கே தர்றேன்னு நேத்து சொன்னீங்களே?”

“மீன் மிச்சமிருக்காதுங்க” என்று சொல்லிவிட்டு அண்ணன் உட்கார்ந்தார். மேனேஜர் கையிலிருந்த படகுக்காரர் பட்டியலில் முதல் பெயரை அடித்தார்.

ஊர் மீனை ஊர்க் கடைகளே வாங்கும்போது வெளிக் கம்பெனிக்கு அனுமதி இல்லை என்று அதிகாரி சொன்னார். மண்டபமே எழுந்து நின்றது. தலைவர் அண்ணனின் தோளை அணைத்துக்கொண்டு, “ஊர் மானத்தைக் காப்பாத்திட்டய்யா” என்றார். தலைவர் கையிலும் என் கையில் அடித்த அதே வாடைதான் அடித்திருக்கும். எனக்கு அவரைப் பார்க்கவும் அருவருப்பாக இருந்தது, அவரோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்த என்னை நினைக்கவும் அருவருப்பாக இருந்தது.

வெளியே படிக்கட்டில் அண்ணன் எங்களுக்காகக் காத்திருந்தார். வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நாளைக்குக் காலையில கொண்டு வரட்டுமாம்மா? அஞ்சாறு கிலோ கிடைக்கும்.”

முள் எடுக்க வேண்டும். செதில் உரசவே ஒரு ஆள் வேண்டும். லாரி மீனைப் போல இரண்டு மடங்கு விலை. இவ்வளவும் ஒரு நொடியில் என் மண்டைக்குள் ஓடி முடித்துவிட்டது.

“வீட்டுக்காரரைக் கேட்டுட்டுச் சொல்றேண்ணா” என்றேன்.

“சரிம்மா, கேட்டுச் சொல்லு” என்று அண்ணன் படியிறங்கினார்.

என் வீட்டுக்காரர் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.