பதினாலு நாள் நிற்க வேண்டிய நகங்கள்

1.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பண்டமாற்று. ஒரு பத்திரிகை என்னிடம் கதை கேட்டிருந்தது. என்னிடம் கதை இல்லை. என் அக்காவுக்குப் பழகிப் பார்க்க ஒரு கை தேவைப்பட்டது. என்னிடம் இரண்டு இருந்தன. சாப்பாட்டு மேசையில் பேசி முடித்தோம். இடது கை அவளுக்கு, கதை எனக்கு.

அக்காவுக்கு நாற்பத்தொரு வயது. பதினோரு வருடம் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் இருந்தாள். தைத்து வரும் சட்டையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, தேறினால் வலது பக்கமும் தேறாவிட்டால் இடது பக்கமும் போடுவது வேலை. தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். இப்போது ஐந்து மாதமாக ஒரு பார்லரில் அக்ரிலிக் நகம் போடுகிறாள். பிடிப்புக்காகப் பிரைமர் என்ற திரவத்தை வைத்து, லிக்விடில் நனைத்த பிரஷால் பவுடரைத் தொட்டு, சொந்த நகத்தின் மேல் இன்னொரு நகத்தைக் கட்டும் வேலை. (கட்டுவது என்றுதான் அவள் சொல்கிறாள், ஏதோ மாடி எடுக்கிற மாதிரி.)

நான் மிக்ஸி, வாஷிங் மெஷின் ஆகியவற்றோடு வரும் கையேடுகளைத் திருத்துகிறவன். யாரும் வாசிக்காத எழுத்தில் பிழை வராமல் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. கதை எழுதுவது ஞாயிற்றுக்கிழமைகளில்.

இதை இடது கையில் ஐந்து அக்ரிலிக் நகங்களோடு தட்டச்சு செய்கிறேன். விசைப்பலகையில் குதிரை நடக்கும் சத்தம் வருகிறது. சட்டைப் பொத்தான் போட கால்மணி நேரம் ஆகிறது. அலுவலகத்தில் இடது கையைக் கால்சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன். மேலதிகாரி, "கையில என்னாச்சு?" என்று கேட்டார். "குடும்ப விஷயம் சார்" என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

2.

தூக்கி எறிந்த தொடக்கங்கள் சிலவற்றை இங்கேயே வைக்கிறேன். காரணம் பிறகு தெரியும்.

*முதல் தொடக்கம்:* "அவள் முன்னால் ஒரு கை நீட்டப்பட்டது. அரத்தால் நகத்தின் பளபளப்பை எடுத்தாள். தூசியைத் துடைத்தாள். பிரைமரைத் தொட்டு வைத்தாள். பிறகு, தூங்கும் குழந்தையின் நெற்றியைத் தடவுவதுபோல, அந்த நகத்தைக் கட்டைவிரலால் ஒரு முறை தடவினாள்."

நீட்டப்பட்டது என்ற சொல்லைப் பார்த்ததும் வாஷிங் மெஷின் கையேடு ஞாபகம் வந்துவிட்டது. விட்டுவிட்டேன்.

*இரண்டாம் தொடக்கம்:* "நாற்பத்தொரு வயதில் ஒருத்தி புதிதாக ஒரு வேலையைக் கற்றுக்கொள்ளும்போது இந்த உலகம்"

உலகம் என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

*மூன்றாம் தொடக்கம்:* "பிரைமர் காய்ந்தது. கட்டைவிரலால் நகத்தை மெல்லத் தடவினாள். அந்தத் தடவலில் பதினோரு வருடம் இருந்தது."

இது எனக்கு மிகவும் பிடித்துப்போனது. இரண்டு நாள் இதைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டு திரிந்தேன். கதை மேற்கொண்டு ஒரு வரி நகரவில்லை.

3.

கதைக்கு ஒரு சிக்கல் வேண்டும் அல்லவா? அது பார்லரில் தயாராக இருந்தது.

அக்கா போட்ட நகங்கள் நிற்கவில்லை. நாலாம் நாள், ஐந்தாம் நாள், அடிப்பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டு விடுகின்றன. அந்த இடுக்கில் தண்ணீர் போகிறது, சோப்பு போகிறது, தலை வாரினால் முடி மாட்டுகிறது. பிறகு போட்டுக்கொண்டுபோன அம்மாள் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பார்லருக்குத் திரும்பி வருகிறார்.

பார்லர் முதலாளிக்கு இருபத்தாறு வயது. அக்கா அவரை மேடம் என்பாள். அவர் அக்காவை அக்கா என்பார். திட்டும்போதும் அப்படித்தான்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த மாசம் மூணு பேர் திரும்பி வந்துட்டாங்க."

"நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரிதான் மேடம் பண்றேன்."

"அப்படிப் பண்ணா நிக்கணுமேக்கா."

முதலாளி யோசித்துவிட்டுச் சொன்னார்: "நாலு வாரம் பழகுங்க. அப்புறம் வர்ற திங்கக்கிழமை என் கைக்கே போடுங்க. பத்து விரலுக்கும். பதினாலு நாள் பார்க்கறேன். ஒண்ணு தூக்கினாலும் நீங்க டவல் பக்கம் போயிடுங்க. அங்கயும் ஆள் வேணும்."

டவல் பக்கம் என்பது திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அங்கே டவல் துவைத்து, காயவைத்து, மடித்து அடுக்க வேண்டும். ஜன்னல் கிடையாது.

அன்று சாயங்காலம் அக்கா வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"செக்கிங்ல பதினோரு வருஷம் யாரும் என் மூஞ்சியப் பார்த்துப் பேசினதில்லடா. இங்க வர்றவங்க ரெண்டு கையையும் என்கிட்ட கொடுத்துட்டு ஒரு மணி நேரம் சும்மா உக்காந்திருக்காங்க. யாருன்னே தெரியாது, என்னை நம்பி. எனக்கு அந்த நாற்காலி வேணும்."

அக்கா எதையும் வேணும் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. அப்போதுதான் கையைக் கொடுத்தேன். முதல் பகுதியில் பண்டமாற்று என்று எழுதியது கொஞ்சம் ஜம்பம். அவள் அப்படிக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அதுதான் உண்மையான தொடக்கம், ஆனால் தொண்டை அடைத்தது என்று எந்தக் கதையைத் தொடங்க முடியும்?

4.

எல்லாம் அந்தச் சின்ன உருண்டையில் இருக்கிறது.

லிக்விடில் நனைத்த பிரஷின் நுனி பவுடரைத் தொட்டால் ஒரு உருண்டை சேரும். ஈரம் கூடினால் அது ஓடிப்போய் நகத்தின் அடித்தோலில் ஏறிக்கொள்ளும். ஈரம் குறைந்தால் மாவாக உதிரும். சரியான உருண்டை நகத்தின் மேல் உட்கார்ந்து, ஒரு கணம் யோசித்து, தானாக மெல்லப் பரவும். அதைப் பிரஷால் பூசக் கூடாது, அமுக்க வேண்டும். அடித்தோலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு முடியளவு இடம் விட வேண்டும்.*

(* கையுறை போடலாமே என்று கேட்பீர்கள். போட்டுப் பார்த்தாள். பிரஷ் வழுக்குகிறதாம்.)

முதல் நாள் என் விரல்களில் ஐந்து பட்டாணி முளைத்தது போல இருந்தது. லிக்விட் நெடிக்கு ஜன்னலைத் திறந்து வைத்தோம். எதிர்வீட்டுக்காரர் தன் ஜன்னலை மூடிக்கொண்டார். மின்விசிறி ஓடினால் உருண்டை சீக்கிரம் இறுகிவிடும் என்று அதையும் அணைத்துவிட்டாள். வியர்த்து ஊற்ற, அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டே வேலை செய்வாள்: "பூசாத, அமுக்கு. பூசாத, அமுக்கு." போட்டதை ஊறவைத்து எடுத்துவிட்டு மறுபடி போடுவாள்.

ஒன்பதாவது தடவை போட்டபோது ஓரங்கள் தாள்போல மெலிந்திருந்தன. பக்கவாட்டில் பார்த்தால் நடுவில் அளவான ஒரு மேடு. அந்த மேடுதான் நகத்தைத் தாங்குமாம். முடியளவு இடமும் சரியாக இருந்தது. எனக்கே கையைப் பையிலிருந்து எடுக்கலாமா என்று தோன்றியது.

ஐந்தாம் நாள் ஆள்காட்டி விரலில் தூக்கிக்கொண்டது.

பவுடரை மாற்றினாள். பிரைமரை மாற்றினாள். அரத்தையும் மாற்றினாள். தூக்குவது மாறவில்லை. அதற்குள் அந்தத் திங்கட்கிழமையும் வந்துவிட்டது. முதலாளியின் பத்து விரலுக்கும் போட்டுவிட்டு வந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் படுத்துவிட்டாள்.

5.

இங்கே எனக்கு இந்தப் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு கவனமான ஒருத்திக்கு ஏன் நிற்க மாட்டேன் என்கிறது? வாசகர் நம்புவாரா? முதலாளியை வில்லியாக்கி, பவுடரில் கலப்படம் செய்கிறார் என்று வைக்கலாமா? இரண்டு பக்கம் அப்படியும் எழுதி

வேண்டாம். அந்தப் பெண் அப்படிப்பட்டவர் இல்லை.

வியாழக்கிழமை, எழுதிய வரைக்கும் அக்காவிடம் கொடுத்தேன். அவள் கதை வாசிக்கும் விதமும் செக்கிங்தான். வரிக்கு வரி விரல் வைத்துப் போனாள். முதல் தொடக்கத்தில் தயங்கிய விரல் மூன்றாம் தொடக்கத்தில் நின்றது.

"இது என்ன?"

"எது?"

"கட்டைவிரலால தடவினாள்னு போட்டிருக்க."

"அது அழகுக்குக்கா."

"அழகெல்லாம் இருக்கட்டும். நான் இப்படிப் பண்றேனா?"

"பண்றியே. ஒவ்வொரு நகத்துக்கும்."

"பிரைமர் போட்ட அப்புறமா?"

"ஆமா. அது காய்ஞ்ச உடனே. உனக்கே தெரியாதா?"

அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"ஒவ்வொரு தடவை போடறதுக்கு முன்னாடியும் கையைக் கழுவி கிரீம் போட்டுக்கறேன்டா நான்."

நகத்தில் துளி எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, உலர்த்தி, பிரைமர் வைப்பது எல்லாமே அக்ரிலிக் பிடிப்பதற்காகத்தான். அந்த வேலையெல்லாம் முடிந்த பிறகு, அவள் கட்டைவிரல் தானாகவே போய் கிரீமைத் தடவிவிட்டு வந்திருக்கிறது. சட்டையில் குறை தேடிய விரல் அது. பதினோரு வருடப் பழக்கம், கேட்டுக்கொண்டா வரும்?

"இதை எத்தனை நாளா எழுதி வச்சிருக்க?"

"மூணு வாரமா."

"மூணு வாரமா பார்த்துட்டே இருந்திருக்க. அழகா இருக்குன்னு வாய மூடிட்டு இருந்திருக்க."

இதுவரை எனக்குக் கிடைத்த விமர்சனங்களில் இது ஒன்றுதான் சரியாக இருந்தது. கையேடாக இருந்தால் அன்றைக்கே ஓரத்தில் எழுதியிருப்பேன்: இந்தப் படி எதற்கு? கதை என்பதால் அதற்கு ஒரு குழந்தையின் நெற்றியைத் தேடிப் பிடித்து வைத்தேன். அவளுடைய நாற்காலி போய்க்கொண்டிருந்தது. எனக்கு ஒரு நல்ல வாக்கியம் கிடைத்துக்கொண்டிருந்தது. வெட்கமாக இருக்கிறது.

6.

அவள் அப்போதும் என் பேச்சை நம்பிவிடவில்லை. அன்றே ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வழக்கம்போலத் தடவிவிட்டுப் போட்டாள். மற்ற மூன்றையும் தடவாமல் போட்டாள். அடுத்த செவ்வாய்க்கிழமை, தடவிய இரண்டும் தூக்கியிருந்தன. தடவாத மூன்றையும் கத்தியை வைத்து நெம்பினாலும் அசையாது போல இருந்தன.

முதலாளியின் கையில் எட்டு நாள் ஆகியிருந்தது. பத்தும் அப்படியே இருந்தன.

"அக்கா, பேசாம இரு" என்றேன். "இன்னும் ஆறு நாள்தான். சிலருக்கு நின்னாலும் நிக்கும்."

"நிக்கலாம்."

"அப்புறம் என்ன?"

"தப்புன்னு தெரிஞ்ச பீஸை நான் பாஸ் பண்ணதில்லடா."

மறுநாள் பார்லரில் நடந்ததை அக்கா சொன்னபடி எழுதுகிறேன்.

"மேடம், இதை எடுத்துடலாம்."

"ஏன்க்கா? நல்லாத்தானே இருக்கு."

"இருக்கு. ஆனா தப்பா போட்டது." விஷயத்தைச் சொன்னாள்.

முதலாளி விளக்குக்குக் கீழே கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"ஆமா மேடம்."

(இந்த இடத்தில் முதலாளி கண் கலங்கி அக்காவின் கையைப் பிடித்துக்கொள்வதாக எழுதியிருந்தேன். அக்கா அந்த வரியை அடித்துவிட்டாள். "அந்தப் பொண்ணு கடிகாரத்தப் பார்த்துச்சு, அவ்வளவுதான்" என்றாள்.)

"ரெண்டரைக்கு ஒருத்தங்க வர்றாங்க. அதுக்குள்ள முடிங்க" என்றார் முதலாளி. "ஆனா பதினாலு நாளை முதல்லேர்ந்துதான் எண்ணுவேன்."

7.

பஞ்சை அசிட்டோனில் நனைத்து, விரல்களில் வைத்து, அலுமினியத் தாளால் சுற்றினாள். அரைமணி கழித்துப் பழைய நகங்கள் குழைந்து வந்தன. அக்கா தன் வலது கட்டைவிரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தாள். அடியில் காயம் எதுவும் இல்லை.

"கையில என்னாச்சுக்கா?"

"பழக்கம் மேடம்."

அரத்தால் பளபளப்பை எடுத்தாள். தூசியைத் துடைத்தாள். பிரைமரைத் தொட்டு வைத்தாள். அது காயக் காத்திருந்தாள். (                    ) பிரஷை லிக்விடில் நனைத்து, பவுடரைத் தொட்டாள். உருண்டை நகத்தில் உட்கார்ந்து, ஒரு கணம் யோசித்து, பரவியது.

எனக்குப் பிடித்த வாக்கியத்தை எடுத்துவிட்டேன். அது இருந்த இடத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். பத்து நகத்துக்கும் பத்து முறை அந்த இடத்தில் கட்டைவிரல் எழுந்ததாம். பத்து முறையும் அவள் பிளாஸ்திரியைப் பார்த்துவிட்டு அதைக் கீழே இறக்கினாளாம்.

8.

முடிவு ஒன்று: பதினாலாம் நாள் பத்தும் நிற்கின்றன. நாற்காலி அக்காவுக்கு.

"எழுதாத" என்றாள் அக்கா. "அதுக்குள்ள எதுக்கு? கண்ணு பட்டுடும்."

முடிவு இரண்டு: பதிமூன்றாம் நாள், முதலாளியின் சுண்டுவிரலில்

"வாயக் கழுவு."

பத்திரிகைக்காரர் இன்றே அனுப்பச் சொல்கிறார். இன்று ஒன்பதாம் நாள். வேலைக்குப் போனதும் அக்கா முதலில் முதலாளியின் கையைத்தான் பார்ப்பாளாம், முகத்தை அப்புறம்தான். நேற்றுவரை ஒன்றும் தூக்கவில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நீங்கள் வாசிக்கும்போது பதினாலு நாள் தாண்டியிருக்கும். அக்கா விளக்குக்குக் கீழே யாருடைய கையையோ பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இல்லையென்றால் திரைக்குப் பின்னால் டவல் மடித்துக்கொண்டிருப்பாள். எந்தப் பக்கம் போடுவது என்று நான் தீர்மானிக்கப் போவதில்லை. ஒருமுறை அவளைப் பார்த்துக்கொண்டே சும்மா இருந்தவன் நான். எனக்கு அந்த உரிமை கிடையாது.

காலையில் அச்செடுத்துக் கொடுத்தேன். நின்றுகொண்டே வாசித்தாள். முடித்ததும் கடைசித் தாளைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழே ஒரு தடவு தடவினாள். தாள்தானே, தடவலாம். ஓர் இடத்தில் விரல் நின்றது. திரும்பப் போய் இன்னொரு முறை தடவிப் பார்த்தது.

"அங்க என்னக்கா? தூக்கிட்டிருக்கா?"

டப்பாவிலிருந்து புது பிளாஸ்திரி ஒன்றை எடுத்துக் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

விரல் நின்ற வரி எது என்று நான் பார்த்து வைத்திருக்கிறேன். அதை மாற்றவில்லை. நீங்களே ஒரு முறை தடவிப் பாருங்கள். உங்கள் கையில் கிரீம் இருந்தாலும் பரவாயில்லை.