பன்னிரண்டு மணிக்குள் சீமாட்டி

“நின்னுடுச்சு.”

“எது, வண்டியா?”

“வண்டி இன்னும் ஓடுது. டிக்டிக் நின்னுடுச்சு.”

“அப்ப வண்டியும் நிக்கப்போகுது. அடிங்க, அடிங்க!”

ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் கணவர் இருக்கையில் முழங்காலை ஊன்றித் திரும்பினார். முதுகுப் பலகைக்குப் பின்னால் கையை விட்டு மரச்சுத்தியால் மூன்று அடி வைத்தார். டாங்கியிலிருந்து என்ஜினுக்குப் பெட்ரோலைத் தள்ளுகிற மின்சாரப் பம்பு அங்கேதான் இருந்தது. வேலை செய்யும்போது அது கடிகாரம் மாதிரி சத்தம் போடும். சத்தம் நின்றால் ஒரு தட்டு, உடனே எழுந்துகொள்ளும். பதினொரு வருடமாக இதுதான் வைத்தியம். தையல்கடை வைத்திருக்கும் மனைவி ஓட்டுவாள், கணவர் தட்டுவார்.

“எந்திரிச்சுச்சா?”

“நாடியே இல்ல.”

“இன்னும் ரெண்டு போடுங்க!”

“போட்டாச்சு. இதுக்கு மேல அடிச்சா போலீஸ் கேஸாயிடும்.”

என்ஜின் இருமியது, விக்கியது, ஓய்ந்தது. மிச்சமிருந்த வேகத்திலேயே அவள் வண்டியைச் சாலையோரமாக, ஒரு கண்ணாடிக் கடை வாசலில் உருட்டி நிறுத்தினாள். கடைக்குள்ளிருந்த பெரிய கடிகாரம் பதினொன்று இருபது காட்டியது.

பன்னிரண்டு மணிக்கு வாகனப் பரிசோதனைக் கூடத்தின் கேட்டை மூடிவிடுவார்கள். முதல் முறை போனபோது பிரேக் விளக்கு எரியவில்லை. இரண்டாம் முறை, ‘பெட்ரோல் வாடை’ என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பினார்கள். இன்று மூன்றாம் முறை, கடைசி நாள். இன்றைக்குத் தவறினால் வண்டியின் எண் ரத்து. எண் போனால் சீமாட்டி சாலையில் சக்கரம் வைக்க முடியாது. இழுத்துக்கொண்டு வரும் வண்டியைத் தொட்டும் பார்க்க மாட்டோம் என்று அந்தக் காகிதத்திலேயே அச்சடித்திருந்தது. சொந்த என்ஜினில் வந்தாக வேண்டும்.

சீமாட்டி என்பது அவர்கள் வைத்த பெயர். இங்கிலாந்தில் பிறந்து அறுபது வயதைத் தாண்டிய பச்சை நிற ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை, நீளமான மூக்கு, தலைக்கு மேல் வானம். மழை வந்தால் நனைய வேண்டும், வெயில் வந்தால் காய வேண்டும், இரண்டும் இல்லாத நாளில் அதற்கே உடம்புக்கு ஏதாவது வரும். ஆனால் வாரத்தில் ஆறு நாள் தையல் மெஷினில் குனிந்தே கிடக்கும் அவள் கழுத்து, ஏழாம் நாள் இந்த வண்டியில் ஏறினால்தான் நிமிரும்.

பின்னால் ஒரு வெள்ளை டாக்ஸி வந்து நின்றது. அவளுடைய தம்பி. யாரும் கூப்பிடாமலே வீட்டு வாசலிலிருந்து பின்தொடர்ந்து வந்திருந்தான்.

“அக்கா, கயிறு இருக்கு.”

“கேட்டேனா?”

“கேக்கல. முகத்துல எழுதி ஒட்டியிருக்கு. மாமா, என்ன சொல்றா உங்க ரெண்டாவது சம்சாரம்?”

“பம்பு படுத்துடுச்சு மாப்ள.”

“அது எப்ப படுக்காம இருந்துச்சு? கேட் பக்கம் வரைக்கும் இழுத்துட்டுப் போறேன். கடைசி திருப்பத்துல அவுத்து விட்டுடலாம். யாருக்குத் தெரியும்?”

“என்ஜின் ஓடாம எப்படிடா உள்ள போறது? நீ இறங்கித் தள்ளுவியா?”

“இப்ப நிக்கிறதுக்கு அது தேவலாம்ல!”

“வாயை மூடிட்டு நில்லு.”

அவன் வாயை மூடும் முன்பே பின்னால் மெதுவாக ஒரு டிக், பிறகு இன்னொரு டிக். தானாகவே. மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். டிக், டிக், டிக்.

“ஏறுங்க!” என்று அவள் கத்தினாள். “ஏறுங்க, ஏறுங்க, மனசு மாறுறதுக்குள்ள!”

இரண்டு கிலோமீட்டர் பறந்தார்கள். காற்று அவள் கூந்தலைப் பிடித்து ஆட்டியது. பள்ளிக்கூட மதில், தபால் நிலையம், பாலம். பாலம் ஏறி இறங்கிய இடத்தில் கணவர் கையை உயர்த்தினார்.

“சொல்லாதீங்க.”

“சொல்லலை. ஆனா நின்னுடுச்சு.”

மறுபடியும் ஓரம். மறுபடியும் டாக்ஸி. இந்த முறை தம்பி கயிற்றைக் கையிலேயே எடுத்துக்கொண்டு இறங்கினான். மணி பதினொன்று முப்பத்தைந்து. இன்னும் ஆறு கிலோமீட்டர்.

கணவர் வண்டியின் மூக்கையும் வாலையும் மாறி மாறிப் பார்த்தார்.

“டிரிப் ஏத்திடலாம்.”

“என்னது?”

“பம்பு வேண்டாம். ஒரு கேன்ல பெட்ரோலை எடுத்து நான் உயரமா தூக்கிப் பிடிச்சுக்கறேன். ஒரு குழாயை நேரா என்ஜினுக்கு விட்டுடுவோம். நோயாளிக்கு பாட்டில் தொங்கவிடற மாதிரிதான். தானா இறங்கும்.”

“நின்னுக்கிட்டேவா வருவீங்க?”

“நின்னுக்கிட்டே வருவேன்.”

“சரி. குழாய்க்கு எங்க போறது?”

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பி டாக்ஸியைப் பார்த்தார்கள்.

“ஏய், ஏய்! என்ன பார்வை அது?”

“கண்ணாடி கழுவத் தண்ணி பீச்சுமே, அந்தக் குழாய் எவ்வளவு நீளம்டா?”

“அக்கா, அது புது வண்டி!”

“புது வண்டியிலதான் குழாய் நல்லா இருக்கும். கழட்டு.”

“நல்ல காலத்துல கயித்தை வேண்டாங்கறது, கெட்ட காலத்துல குடலை உருவறது. நல்ல குடும்பம்!” என்று முணுமுணுத்தாலும் அவன் பானெட்டைத் திறந்துவிட்டான்.

கணவர் டாக்ஸியிலிருந்த கேனோடு சீமாட்டியின் பின்பக்கம் வந்தார். இருக்கைக்குப் பின்னால் இருந்த டாங்கி மூடியைப் பிடித்துத் திருகினார். அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் திருகினார்.

உஸ்ஸ்ஸ்ஸ்.

யாரோ நெடுநேரம் தண்ணீருக்குள் இருந்துவிட்டுத் தலையைத் தூக்கி மூச்சிழுத்ததைப் போல ஒரு சத்தம். அவள் சாவியைத் திருப்பி அணைக்க மறந்திருந்தாள். அந்த உஸ்ஸோடு சேர்ந்தே பம்பு எழுந்தது. டிக்டிக்டிக்டிக் என்று ஒரே ஓட்டம்.

“நீங்க தட்டினீங்களா?”

“தொடவே இல்ல. மூடியைத்தான் திறந்தேன்.”

“மூடிக்கும் பம்புக்கும் என்ன சம்பந்தம்?”

கணவர் மூடியைத் திருப்பி உட்புறத்தைப் பார்த்தார். பிறகு மிகவும் நிதானமாகக் கேட்டார்:

“இதுக்குள்ள கறுப்பா வட்டமா இருக்கே, இது என்ன?”

“ரப்பர். சைக்கிள் டியூப்ல வெட்டினது. போன வாரம் நான்தான் வச்சேன். வாடை வருதுன்னு எழுதினாங்கல்ல? ஒரு பொட்டு வாடை வெளிய போகக்கூடாதுன்னு கச்சிதமா அளவெடுத்து வெட்டி, ரெண்டு சுத்து பசை போட்டு...”

“வாடை வெளிய போகாது. சரி. காத்து உள்ள போகுமா?”

அவள் கையை நீட்டி அந்த ரப்பரைக் கட்டைவிரலால் தடவினாள்.

“பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காத்து வரணும்மா. மூடியில அதுக்குன்னு ஒரு ஓட்டை இருக்கு. அதை நீ அடைச்சுட்டே. பாவம் பம்பு எவ்வளவு நேரம்தான் உறிஞ்சும்? காலையில டாங்கியை வேற வாய் வரைக்கும் ரொப்பியிருக்கே. மூச்சு முட்டிப்போச்சு அவளுக்கு. நான் என்னடான்னா மூச்சு முட்டினவளைச் சுத்தியால அடிச்சுக்கிட்டு இருக்கேன்!”

தம்பி டாக்ஸியின் மேல் சாய்ந்துகொண்டு சிரித்தான். சிரிப்பு நிற்கவில்லை.

“அக்கா, நீ தைக்கிற சட்டையிலயாவது கழுத்துக்கு ஓட்டை விடறியா?”

“குழாயைத் திருப்பி மாட்டுடா முதல்ல. இல்லேன்னா அதாலயே உன்னை அடிப்பேன். என்னங்க, ரப்பரைப் பிச்சு எறிங்க.”

“எறிஞ்சா வாடை வரும். வாடை வந்தா அந்தப் பரிசோதனை மேடம் மறுபடி சிவப்பு மையை எடுப்பாங்க.”

“எறியலைன்னா வண்டி நிக்கும்!”

“எறிய வேண்டாம். நான் பாத்துக்கறேன். நீ ஓட்டு.”

அவர் பார்த்துக்கொண்ட விதத்தை அன்று அந்தச் சாலையில் போனவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். இருக்கையில் பின்பக்கமாகத் திரும்பி மண்டியிட்டு, இடுப்பு பெல்ட்டைப் பலகையோடு கட்டிக்கொண்டு, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் திருகுவார். உஸ்! மறுபடி மூடுவார். 

“மூச்சு!”

“விட்டாச்சு!”

“டிக்டிக்?”

“குதிரை மாதிரி! போ, போ!”

அவள் போனாள். சந்தை வளைவில் கியர் மாற்றியபோது என்ஜின் போட்ட உறுமலுக்கு நடைபாதையில் போனவர்கள் கைதட்டினார்கள். சிவப்பு விளக்கில் நின்றபோது பக்கத்து பஸ் டிரைவர் எட்டிப் பார்த்தார்.

“என்னக்கா, அண்ணன் கோவிச்சுக்கிட்டுத் திரும்பி உக்காந்திருக்காரா?”

“ஆமா! சமாதானம் பண்ண நேரமில்ல!” என்றபடி பச்சை விழுந்ததும் பாய்ந்தாள்.

கடைசித் திருப்பத்தில் காவலாளி கேட்டின் ஒரு பாதியை மூடிவிட்டு மறு பாதியைத் தள்ளிக்கொண்டிருந்தார். அவள் ஹார்னில் வைத்த கையை எடுக்கவே இல்லை. சீமாட்டி அந்த இடைவெளியில் நுழைந்தபோது இரண்டு பக்கமும் ஒரு சாண் கூட மிச்சமில்லை.

“சீட்டைக் காட்டுங்கம்மா. பதினொன்னு அம்பத்தெட்டு. உயிரை வாங்கிட்டீங்க.”

“உயிரோட வந்திருக்கோம்ல, எழுதிக்குங்க!”

பரிசோதனை மேடம் கறுப்பு பூட்ஸும் சட்டைப் பையில் இரண்டு பேனாவுமாக வந்தார். ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. அவருக்கு மூக்கு மேடம் என்று தம்பி பெயர் வைத்திருந்தான். அவனை வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள், நல்ல வேளை.

விளக்கு எரிந்தது. பிரேக் விளக்கு எரிந்தது. ஹார்ன் அடித்தது. மேடம் குனிந்து, டாங்கிப் பக்கம் முகத்தைக் கொண்டுபோய், கண்ணை மூடி இழுத்து மோந்தார்.

“வாடையே இல்லையே!”

“இல்ல மேடம்,” என்றார் கணவர் வேகமாக.

“நல்லது. இப்ப ஓட்டிக் காட்டணும். மைதானத்தை நாலு சுத்து. சார் இறங்கிக்குங்க, நான் பக்கத்துல உக்காரணும்.”

கணவரும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நாலு சுத்து தாங்குமா?” என்று அவள் உதட்டை அசைக்காமல் கேட்டாள்.

“ரெண்டு தாங்கும். மூணாவதுக்கு நான் கடவுளைத்தான் கூப்பிடணும்.”

“சொல்லிடட்டுமா?”

“பைத்தியமா? சொன்னா மூடியைத் திறப்பாங்க. திறந்தா சிவப்பு மை.”

“சொல்லலைன்னா மூணாவது சுத்துல சிவப்பு மை. அதோட நாளைக்கு நடுரோட்டுல லாரிக்கு முன்னாடி நின்னா?”

“இன்னைக்கு ஒரு நாள் தப்பிச்சா போதும்மா...”

“போதாதுங்க. எனக்கு எல்லா ஞாயித்துக்கிழமையும் வேணும்.”

அவள் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இறங்கினாள்.

“மேடம், வண்டி நாலு சுத்து ஓடாது. நான் ஒரு முட்டாள்தனம் பண்ணியிருக்கேன்.”

ரப்பர், பசை, உஸ், மரச்சுத்தி, மண்டியிட்ட கணவர் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். மேடத்தின் முகம் அசையவில்லை. பேனாப் பக்கம் கை போனது. கணவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“அப்ப நான் ‘வாடை’ன்னு ஒரு வார்த்தை எழுதினதுக்கு, அதோட மூக்கையே அடைச்சுட்டீங்க.”

“ஆமா மேடம்.”

“போன தடவை வாடை மூடி ஓட்டையில வரலைங்க. மூடிக்கு அடியில இருந்த வளையம் தேஞ்சு, பக்கவாட்டுல கசிஞ்சுது. இந்த ரப்பர் அந்தக் கசிவை அடைச்சிருக்கு. நல்லாவே அடைச்சிருக்கு. நடுவுல மட்டும் ஒரு ஓட்டை வேணும். ஊசி இருக்கா?”

“இருக்கு மேடம். ஆனா ரப்பர்ல ஊசி போட்டா ஓட்டை திரும்ப மூடிக்கும். துணி மாதிரி நிக்காது. துண்டு வெட்டி எடுக்கணும்.”

மேடம் முதல்முறையாக அவளை முழுசாகப் பார்த்தார். பிறகு அலுவலக ஜன்னலை நோக்கிக் குரல் கொடுத்தார்.

“அந்த ஃபைல் பஞ்ச் பண்ற மெஷினை எடுத்துட்டு வாங்க!”

மூடி கழன்றது. ரப்பர் உரிந்தது. காகிதம் துளைக்கிற அந்தக் குட்டி இரும்பு மெஷினுக்குள் ரப்பரை வைத்து மேடம் அழுத்தினார். இறங்கவில்லை. தையல்காரி தன் உள்ளங்கையை மேடத்தின் கைமேல் வைத்து அழுத்தினாள். இரண்டு பெண்களின் பலமும் சேர, டக்கென்று ஒரு கறுப்புப் பொட்டு தெறித்து விழுந்தது. ஓட்டை விழுந்த ரப்பர் மூடிக்குள் திரும்பப் போய் உட்கார்ந்தது.

முதல் சுற்றில் அவள் டிக்டிக்கை எண்ணிக்கொண்டே ஓட்டினாள். இரண்டாவதில் எண்ணிக்கை தப்பியது. மூன்றாவதில் மேடம், “பயந்து பயந்து ஓட்டாதீங்க, அமுக்குங்க!” என்றார். அவள் அமுக்கினாள். சீமாட்டி மைதானத்தின் மூலையில் பின்பக்கத்தை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு நேராகப் பாய்ந்தது. மேடத்தின் தொப்பி பறந்துபோய்க் கணவரின் காலடியில் விழுந்தது. நான்காவது சுற்று முடியும்வரை பின்னால் அந்தச் சத்தம் ஒரு தரம்கூடத் தடுமாறவில்லை.

மேடம் இறங்கி, டாங்கிக்குப் பின்னால் போய் மறுபடி குனிந்தார்.

“லேசா வருது.”

“லேசான்னா, எவ்வளவு மேடம்?”

“என் ஸ்கூட்டர்ல வர்றதை விடக் கம்மி.”

நீலப் பேனா கையெழுத்துப் போட்டது. முத்திரை விழுந்தது. இன்னும் ஐந்து வருடம். கணவர் தொப்பியைத் தூசி தட்டி நீட்டினார். அவள் காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். நன்றி என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மேடம் தொப்பியை அலுவலக ஜன்னலில் வைத்துவிட்டுத் திரும்பி வந்திருந்தார்.

“பரிசோதனை முடிஞ்சுடுச்சு. கேட்டும் மூடியாச்சு,” என்றார், சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டே. “இன்னும் ஒரு சுத்து போலாமா?”

“ஏறுங்க!” என்றாள் அவள்.