முனை கிடைக்கும்வரை

மாதவனுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருந்ததெல்லாம் பழைய கதை. இப்போது அது முகம் முழுக்கக் குடியேறிவிட்டது. வேலம்பாளையத்துப் பனியன் கம்பெனி ஒன்றில் அவன் புரொடக்‌ஷன் மேனேஜர். ஷிப்மெண்ட் என்ற பேச்சை எடுத்தாலே நெஞ்சு படபடக்கும். படுத்தால் தூக்கம் வராது. காலையில் எழுந்தால் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலிக்கும். வருஷக்கணக்காக இதே பிழைப்பு. சர்க்கரைக்கு மாத்திரை போட்டான், அதுவும் அடங்கவில்லை.

"தூக்கமில்லாம, டென்ஷனையும் கொறைக்காம, மாத்திரைய மட்டும் முழுங்குனா எப்படிங்க அடங்கும்?" என்று கேட்ட டாக்டர், அவனைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் பாதத்தில் அங்கங்கே குத்தினார். "தெரியுதுங்களா?"

"தெரியுதுங்க, நல்லாத் தெரியுதுங்க" என்று ஒப்பித்தான் மாதவன். ஒன்றும் தெரியவில்லை. மரக்கட்டையில் குத்தினால் மரத்துக்குத் தெரியுமா? உண்மையைச் சொன்னால் லீவு போடு, ஓய்வெடு என்பார். அப்புறம் ஷிப்மெண்டை யார் பார்ப்பது, இவருடைய அப்பனா? இந்த ஒன்று போகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டான். அந்த 'ஒன்று' போய்க்கொண்டே இருந்தது.

அன்றைக்கும் ஒன்று. பிறந்த குழந்தைக்கான சட்டைகள். கன்டெய்னர் வாசலிலேயே வந்து நின்றுவிட்டது. முதலாளி ஆத்தப்பன் போன் மேல் போன் போட்டு உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து ஃபிளாட்லாக் மெஷினில் தைக்கும் டெய்லர் ரைசா கையைத் தூக்கினாள்.

"ஊசி ஒடைஞ்சுருச்சுங்ணா."

குழந்தைத் துணியில் ஊசி ஒடிந்தால் துண்டுகளையெல்லாம் தேடியெடுத்து ஒட்டவைத்து, முழு ஊசியாக்கிக் காட்டினால்தான் தையல் லைன் ஓடலாம். ஒரு துணுக்குக் குறைந்தாலும் அத்தனை துணியும் நிற்கும். மாதவன் வெறுங்காலோடு ஓடினான். துணியில் அழுக்குப் படக்கூடாதென்று செருப்பெல்லாம் வாசலோடு சரி. மெஷினிலிருந்த துணியை வெடுக்கென்று பிடுங்கி உதறினான். மேல்துண்டு மெஷினிலேயே இருந்தது, நடுத்துண்டு மேஜையில் கிடைத்தது. முனையை மட்டும் காணோம்.

"கண்ணு எங்க வெச்சுத் தைக்கறே?" என்று கத்தினான். "உன்னால எத்தன பேரு நிக்கறாங்க பாரு!"

"வேணும்னேவா ஒடைச்சேன்? அவசரம் அவசரம்னு நீங்கதானுங்ணா வெரட்டுனீங்க" என்ற ரைசாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

துணியை ஒவ்வொன்றாக, இரும்புத் துணுக்கைக் கண்டால் கத்தும் டிடெக்டர் மெஷினில் விட்டார்கள். சத்தமே இல்லை. மாதவன் ஆபீஸுக்கும் மெஷினுக்குமாக அலைந்தான். போன் அடித்தது. பிடரி விண்விண்ணென்று தெறித்தது. குவாலிட்டி பார்க்கும் முருகேஷைத் தனியே இழுத்துப்போனான்.

"வேற ஊசிய ஒடிச்சு முனைய ஒட்டி வெய்யிப்பா. யாருக்குத் தெரியப்போவுது?"

"கொழந்தைக்குத் தெரியுமுங்ணா" என்றான் முருகேஷ். "எனக்கும் ஊட்டுல கைக்கொழந்தை இருக்குது. முனை கெடைக்கோணும். அதுவரைக்கும் லைன் ஓடாது."

மாதவனுக்கு அவனை அறைந்துவிடலாம் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

முருகேஷ் கையில் பிடிக்கும் சின்ன டிடெக்டரை எடுத்துவந்து தரையை ஒட்டித் துழாவினான். மெஷினடி, பெட்டியடி, எங்கும் இல்லை. மாதவன் நின்ற இடத்துக்கு வந்ததும் அது கீ கீ என்று கத்தியது.

"இங்கதான் கெடக்குது! கொஞ்சம் நகுந்துக்குங்ணா."

மாதவன் நகர்ந்தான். பழைய இடத்தில் டிடெக்டர் வாயை மூடிக்கொண்டது. அவன் காலருகே கொண்டுபோனால் மறுபடி கத்தியது. மெஷின்காரர்கள் எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள்.

"காலத் தூக்குங்ணா" என்றான் முருகேஷ் மெதுவாக.

இடது குதிகாலில் ஊசிமுனை அடிவரை இறங்கியிருந்தது. அவன் அலைந்த வழியெல்லாம் தரையில் பொட்டுப் பொட்டாக ரத்தம். முனையைத் தேடிய அவசரத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

"யா அல்லா! இத்தன நேரம் இதோடயா நடந்தீங்க?" என்று ரைசா வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஸ்டூலில் உட்காரவைத்து, நூல் கோக்கும் ட்வீசரால் முருகேஷ் பிடித்து இழுத்தான். "வலிக்குதுங்களா?"

"வலிக்கு..." என்று வாய் பழக்கத்தில் ஆரம்பித்தது. முடிக்க முடியவில்லை. தன் காலையே யாரோ ஒருவருடைய காலைப் போலப் பார்த்தான். குதிகாலை விரலால் அழுத்திப் பார்த்தான்.

"தெரீலப்பா" என்றான். "குத்துனதும் தெரீல, எடுக்கறதும் தெரீல. ரொம்ப நாளாவே தெரீல. டாக்டரு குத்திப் பாத்தப்பக்கூட தெரியுதுன்னு பொய் சொல்லிட்டு வந்துட்டேன்."

முருகேஷ் முனையைத் துடைத்து மற்ற இரண்டோடு பொருத்தினான். ஊசி முழுதாயிற்று. லைன் ஓடத் தொடங்கியது. போன் மறுபடி அடித்தது, மாதவன் எடுக்கவில்லை. ரைசா வாசலுக்குப் போய் அவன் செருப்பை எடுத்துவந்து காலடியில் வைத்தாள். தான் அவளிடம் கத்தியதை நினைத்து அவன் கூசிப்போனான்.

"ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்ணா" என்றாள் அவள். "இந்தத் தடவ டாக்டருகிட்ட நெசத்தச் சொல்லுங்க."